சிசிஆர்5 டெல்டா 32: ஒற்றைப் பட்டையை நம்புவதற்கு முன்

மூன்றாவது குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கும் சிசிஆர்5 மரபணு, 352 அமினோ அமிலம் கொண்ட ஒரு ஏற்பியை உருவாக்குகிறது. டி செல், மேக்ரோஃபேஜ் ஆகிய நோய் எதிர்ப்பு செல்களின் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் புரதம் இது. எச்ஐவி பெரும்பாலும் சிடி4 என்ற இன்னொரு ஏற்பியையும் இதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டுதான் செல்லுக்குள் நுழைகிறது. மரபணுவின் நடுவே 32 டிஎன்ஏ எழுத்து விடுபட்டால் அதற்குப் பின் வரும் வாசிப்பு தடம் மாறி, புரதம் பாதியில் அறுந்து போகும். செல்லின் மேற்பரப்புக்கு அது வந்து சேராது. இந்த டெல்டா 32 மாற்றம் 1996-இல் அறியப்பட்டது. ஒருவரிடம் அது இருக்கிறதா என்று பார்க்க சாதாரண பிசிஆரும் (டிஎன்ஏவின் ஒரு துண்டைப் பல பிரதிகளாகப் பெருக்கும் வினை) ஒரு ஜெல்லும் (துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் கூழ்) போதும்.

சோதனை எளிதுதான், ஏமாறுவதும் அதே அளவு எளிது. வட ஐரோப்பாவில் பத்தில் ஒருவரிடமாவது இந்த மாற்றத்தின் ஒரு பிரதி இருக்கும். இந்தியாவில் இது மிக அரிது. அதனால் நம் ஊர் மாதிரிகளை ஓட்டினால் வரிசையாக ஒரே உயரத்தில் ஒற்றைப் பட்டைதான் தெரியும். 32 எழுத்து வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டும் திறன் அந்த ஜெல்லுக்கு இருந்ததா என்பது அதை வைத்துத் தெரியாது. எனவே முதலில் தேட வேண்டியது, சாதாரணம், டெல்டா 32 என இரு வகைப் பிரதியும் உள்ளதாக ஏற்கெனவே உறுதியான ஒரு டிஎன்ஏவை. அது இல்லாத ஜெல்லில் வந்த முடிவை எழுதிக் கொடுக்காதீர்கள்.

அப்படி ஒன்று கிடைக்காவிட்டால், பிரைமர்கள் (பெருக்க வேண்டிய துண்டின் எல்லைகளில் ஒட்டும் குட்டை டிஎன்ஏ இழைகள்) ஒட்டும் இரு முனைகளும் அடங்கிய டெல்டா 32 துண்டைச் செயற்கையாகச் செய்து வாங்கி, சாதாரண டிஎன்ஏவுடன் கலக்கலாம். இங்கே ஒரு கணக்கு முக்கியம். 157 எழுத்து நீளமுள்ள அந்தத் துண்டு ஒரு பிகோகிராமில் ஏறக்குறைய 60 லட்சம் பிரதி இருக்கும். 50 நானோகிராம் மனித டிஎன்ஏவிலோ மொத்தமே 15,000 பிரதிதான். ஆகவே ஒரு வினைக்கு 15,000 பிரதி சேரும் அளவுக்கு நீர்த்துக்கொள்ளுங்கள். நீர்க்காத குழாயை மாதிரி கையாளும் அறையில் திறக்கவே கூடாது. ஒரு துளி தெறித்தால் அதன்பின் வரும் எல்லா மாதிரியிலும் டெல்டா 32 தெரியும்.

ரத்தத்தை இடிடிஏ குழாயில் எடுங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் இன்னொரு பொருளான ஹெப்பாரின் பிசிஆரையே தடுத்துவிடும். பிரித்த டிஎன்ஏவில் பழுப்பு நிறம் தெரிந்தால் சிவப்பணுவின் நிறப்பொருளான ஹீம் ஒட்டியிருக்கிறது. மறுபடி கழுவ வேண்டும்.

பிரைமரில் கவனம் தேவை. பக்கத்திலேயே இருக்கும் சிசிஆர்2 மரபணு இதற்கு மிக நெருங்கிய உறவு. வரிசையில் பெரும்பகுதி ஒத்துப்போகும். பிரைமரின் 3 பிரைம் முனை (புதிய இழை வளரத் தொடங்கும் முனை) சிசிஆர்2-இல் பொருந்தாதபடி பார்த்து, வாங்கும் முன் மனித மரபணுத் தொகுதி முழுவதோடும் ஒப்பிட்டுவிடுங்கள். பரவலாகப் பயன்படும் ஜோடி, சாதாரணப் பிரதிக்கு 189 எழுத்தும் டெல்டா 32-க்கு 157 எழுத்தும் தரும். 500 எழுத்துத் துண்டு தரும் ஜோடியை எடுத்தால் அதே 32 வித்தியாசம் ஜெல்லில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

25 மைக்ரோலிட்டர் வினைக்கு: இருமடங்கு மாஸ்டர் மிக்ஸ் (நொதி முதலியவை சேர்ந்த ஆயத்தக் கலவை) 12.5, பத்து மைக்ரோமோலார் பிரைமர் ஒவ்வொன்றும் 0.5, மில்லிலிட்டருக்கு 25 மைக்ரோகிராம் செறிவுள்ள டிஎன்ஏ 2, தண்ணீர் 9.5. முதலில் 95 டிகிரியில் 5 நிமிடம். பிறகு 95, 57, 72 டிகிரிகளில் தலா 30 விநாடி என 35 சுற்று. கடைசியில் 72-இல் 5 நிமிடம். 57 என்பது தொடக்கப்புள்ளி. உங்கள் பிரைமருக்கு ஏற்ப இரண்டு மூன்று டிகிரி ஏற்றி இறக்கிப் பாருங்கள். டிஎன்ஏ இல்லாத தண்ணீர்க் குழாய் ஒன்று எப்போதும் கூடவே ஓட வேண்டும். டிஎன்ஏ சில செல்களின் அளவுக்குக் குறைந்துபோனால் இரண்டு பிரதிகளில் ஒன்று பெருகாமலே விடுபடலாம்; ஒற்றைப் பட்டைக்கு அதுவும் ஒரு காரணம்.

ஜெல் மூன்று சதவீதம்: 100 மில்லி டிபிஇ பஃபருக்கு 3 கிராம் அகரோஸ். குளிர்ந்த பஃபரில் கலக்கிக்கொண்டே தூவி, பத்து நிமிடம் ஊறவிட்டு, மைக்ரோவேவில் விட்டுவிட்டுச் சூடாக்குங்கள். ஒரே மூச்சில் சூடாக்கினால் பொங்கி வழியும். குடுவையை முன்னும் பின்னும் எடைபோட்டு, ஆவியாகிப்போன எடைக்குத் தண்ணீர் சேருங்கள். ஊற்றி இறுகியதும் அரை மணி குளிர்பெட்டியில் வைத்துப் பிறகு சீப்பை எடுத்தால் பட்டைகள் கூர்மையாக விழும். மின்முனைகளுக்கு இடையே சென்டிமீட்டருக்கு 5 வோல்ட் போதும். அவசரப்பட்டுக் கூட்டினால் ஜெல் சூடேறிப் பட்டை வளையும். அளவுகோலுக்கு 50 எழுத்து ஏணியாவது (நீளம் தெரிந்த துண்டுகளின் கலவை) வேண்டும். 100 எழுத்து ஏணி இங்கே உதவாது.

இரு வகைப் பிரதியும் உள்ளவரிடம் 189, 157 என்ற இரண்டோடு, 189-க்கு மேலே மங்கலாக மூன்றாவது பட்டை ஒன்று தெரியக்கூடும். புதிதாகப் பார்ப்பவர்கள் இதை மாசு என்று நினைத்துவிடுவார்கள். உண்மையில் அது நீள இழையும் குட்டை இழையும் ஜோடி சேர்ந்தது; பொருந்தாத 32 எழுத்து வளையமாகப் பிதுங்கி நிற்பதால் மெதுவாக நகர்கிறது. சந்தேகமிருந்தால் 189 மட்டும் வந்த பிசிஆர் திரவத்தையும் 157 மட்டும் வந்ததையும் சமமாகக் கலந்து, 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்து மெல்ல ஆறவிட்டு ஓட்டிப் பாருங்கள். அதே இடத்தில் அந்தப் பட்டை எழும்.

நம் ஊர் மாதிரியில் 157 மட்டும் வந்தால் முதலில் மாசையும் மாதிரி மாறிப்போனதையும் சந்தேகியுங்கள். புதிதாக ரத்தம் எடுத்து, வேறொரு பிரைமர் ஜோடியால் மறுபடி செய்து, வரிசையைப் படித்த பிறகே எழுதுங்கள்.

அறிக்கையில் வார்த்தைகளை அளந்து போட வேண்டும். ஒரு பிரதி மட்டும் உள்ளவருக்கு எச்ஐவி தொற்றலாம். தொற்றினால் நோய் முற்றும் வேகம் சற்றுக் குறையும், அவ்வளவே. இரண்டு பிரதியும் உள்ளவரைக்கூட, சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பி வழியாக நுழையும் வைரஸ் தாக்க முடியும். சிசிஆர்5-ஐ அடைக்கும் மராவிரோக் மருந்து கொடுக்கலாமா என்பதையும் இந்தச் சோதனை சொல்லாது. வைரஸ் எந்த ஏற்பியைப் பிடிக்கிறது என்று பார்க்கும் சோதனை தனி.

எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டாரா என்று கேட்க மறக்காதீர்கள். எச்ஐவியிலிருந்து குணமான முதல் நபரான டிமோதி ரே பிரவுனுக்கு 2007-இல் பெர்லினில், இரண்டு டெல்டா 32 பிரதியும் உள்ள ஒருவரின் ஸ்டெம் செல் கொடுக்கப்பட்டது. அத்தகையவரின் ரத்தம் கொடையாளியின் மரபணுவைத்தான் காட்டும். கன்னத்துச் சுரண்டலிலும் கொடையாளியின் வெள்ளணுக்கள் கலந்திருக்கும் என்பதால், அவருடைய சொந்த வகை தெரிய வேண்டுமானால் முடிவேரிலிருந்து டிஎன்ஏ எடுங்கள்.