வடசென்னையில் சூரியக் குளம் அமைத்தல்

சாதாரணக் குளத்தில் சூடேறிய நீர் மேலெழுந்து வெப்பத்தைக் காற்றில் விட்டுவிடும். சூரிய வெப்பத்தைச் சேமிக்கும் உப்புநீர்க் குளமான சூரியக் குளத்திலோ அடிநீர் உப்பேறிக் கனத்திருப்பதால், 80 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினாலும் அடியிலேயே தங்கும். குஜராத்தின் புஜ் நகரில் 6,000 சதுர மீட்டர் பரப்பில் அமைந்த குளம் ஒரு பால் பதனிடும் ஆலைக்கு வெந்நீர் தந்தது.

எண்ணூர், மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீர் மேலாகவே நிற்பதால், பள்ளம் தோண்டுவதைவிடக் கரை எழுப்பிக் கட்டுவது நல்லது. இல்லையெனில் ஓடும் நிலத்தடி நீர் வெப்பத்தை இழுத்துக்கொண்டுபோகும். கழிமுகச் சதுப்பு நிலத்தை விட்டு விலகி இடம் தேடுங்கள். கடலோர ஒழுங்குமுறை அனுமதியையும் முன்பே பெறுங்கள். தரையிலும் கரையிலும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பை இணைப்பு கசியாதபடி ஒட்ட வேண்டும். சதுர மீட்டருக்கு அரை டன் அளவுக்கு உப்பு தேவைப்படும் என்பதால், உப்பளங்களுக்கு அருகில் இருப்பது செலவைக் குறைக்கும்.

நிரப்புவதில்தான் கைத்திறன் வேண்டும். ஏறக்குறைய 25 சதவீத உப்புள்ள நீரை அடியில் ஒரு மீட்டருக்கும், அதன்மேல் இடையடுக்கின் (அடியடுக்குக்கும் மேலடுக்குக்கும் நடுவே உப்பு படிப்படியாகக் குறையும் பகுதி) பாதி உயரத்துக்கும் முதலில் விடுங்கள். பிறகு இரு தட்டுகளுக்கு இடையே பக்கவாட்டில் மெல்ல நீர் கசியும் குழாய்முனையை அடியடுக்கின் மேல்மட்டத்தில் வைத்து உப்பு குறைந்த நீரைச் செலுத்துங்கள். நீர்மட்டம் 5 சென்டிமீட்டர் உயர்ந்தால் முனையை 10 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும்போது, கீழிருந்து மேலாக உப்பு படிப்படியாகக் குறையும் இடையடுக்கு உருவாகிவிடும். அதன்மேல் அரை மீட்டருக்குக் கடல்நீரே போதும்; நன்னீரைக் கொட்டத் தேவையில்லை.

காற்றலை அடுக்குகளைக் கலக்காமலிருக்க மிதக்கும் வலைகளைப் பரப்புங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் மேல்மட்ட வடிகாலைத் திறந்துவையுங்கள். அனல்மின் நிலையச் சாம்பலும் பாசியும் ஒளியைத் தடுக்கும் என்பதால், நீரின் தெளிவையும் ஒவ்வோர் ஆழத்து அடர்த்தியையும் தவறாமல் சோதியுங்கள்.

ஆயிரம் சதுர மீட்டர் குளம், விழும் ஒளியில் 15 முதல் 20 சதவீதத்தை, அதாவது நாளொன்றுக்கு 800 கிலோவாட் மணிக்குக் குறையாத வெப்பத்தைத் தரக்கூடும். அதை வெப்பப் பரிமாற்றி வழியே எடுத்து வெந்நீருக்கும் உலர்த்தலுக்கும் பயன்படுத்துவதே முதல் தேர்வு. அந்த வெப்பத்தால் லித்தியம் புரோமைடு உப்புக் கரைசலைக் கொண்ட குளிரூட்டியை இயக்கினால் அலுவலகத்தைக் குளிர்விக்கலாம். அதில் நீரே குளிர்பொருளாக இருப்பதால் உறைநிலைக்குக் கீழே குளிர்விக்க முடியாது; காசிமேட்டு மீனுக்கு ஐஸ் கிடைக்காது. மின்சாரம் கடைசித் தேர்வு: குறைந்த கொதிநிலைத் திரவத்தால் டர்பைனைச் சுழற்றினாலும், ஒளியில் ஒன்றிரண்டு சதவீதமே மின்சாரமாகும். மின்சாரம் மட்டும் வேண்டுவோர் அதே இடத்தில் சூரியத் தகடுகளை வைப்பதே மேல்.