பேசியன் புள்ளியியல் பாடத்தில் முதல் மாதத்தைத் தாண்ட

எம்.எஸ்சி., பிஎச்.டி. எதுவானாலும் சரி, முதல் வாரமே கணினியைத் திறக்காதீர்கள். ஒரு தாளில், காசை 10 தடவை சுண்டி 7 தலை விழுந்ததாக வைத்துக்கொண்டு, பீட்டா(2,2) பரவலாக உள்ள ப்ரையரிலிருந்து (தரவைப் பார்க்கும் முன் நம் கணிப்பு) பீட்டா(9,5) போஸ்டீரியர் (தரவைப் பார்த்தபின் திருத்திய கணிப்பு) வரும்வரை கையாலேயே போடுங்கள். தீட்டா (தலை விழும் நிகழ்தகவு) இல்லாத காரணியையெல்லாம் தூக்கிப் போட்டுவிடலாம், பாதித் தலைவலி அங்கேயே போய்விடும். போஸ்டீரியரின் சராசரி 0.64. அதையே பீட்டா(20,20) வைத்துப் போட்டால் 0.54தான். தரவு அதேதான், ப்ரையர் எவ்வளவு இழுக்கிறது பாருங்கள்!

அப்புறம் ஸ்டான், அதாவது போஸ்டீரியரைக் கணினியில் கணக்கிடும் மென்பொருள். 4 செயின் (போஸ்டீரியரிலிருந்து மாதிரி எடுக்கும் தனித்தனி ஓட்டம்) ஓட்டுங்கள், அவை ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் ஆர்-ஹேட் 1.01க்கு மேல் இருந்தால் முடிவை நம்பாதீர்கள். மாதிரி எடுக்கும்போது கணக்கு தடம் புரண்டதைச் சொல்லும் டைவர்ஜென்ஸ் எச்சரிக்கையைப் பலர் (நானும்தான்) கண்டுகொள்ளாமல் விடுவோம், பெரும்பாலும் கோளாறு மாடலில்தான் இருக்கும், மாதிரி எடுக்கும் சாம்ப்ளரைத் திட்டிப் பயனில்லை. படிநிலை மாடலென்றால் (குழுக்களின் அளவுருக்களுக்கும் ஒரு பொதுப் பரவல் வைப்பது) நான்-சென்டர்டு வடிவத்தில் (குழு அளவுருவைப் பொதுச் சராசரி, அதிலிருந்து விலகல் என்று பிரித்து எழுதுவது) மாற்றி எழுதிப் பாருங்கள்.