ஊரடங்கின் பாதிப்பை மதிப்பிடுவது எப்படி: சராசரி எண்களில் தென்படாதவர்களைக் கணக்கில் எடுக்கும் முறை

பெருந்தொற்றுக் கால ஊரடங்கு ஒரு சமூகத்தை எவ்வாறு பாதித்தது என்று ஆராய முற்படும் மாணவரோ செய்தியாளரோ தன்னார்வலரோ முதலில் தேடிச் செல்வது பெரும்பாலும் சராசரி எண்களைத்தான். அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஊரடங்கு ஆணையையே எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டிலும் எவையெல்லாம் இருப்பதாகக் கருதி அது எழுதப்பட்டிருக்கிறது என்பதை வரிவரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே இருக்கச் சொல்லும் ஆணை, நோயுற்றவர் ஒதுங்கியிருக்க ஓர் அறையும், வீட்டுக்குள்ளேயே தண்ணீரும், சில வாரங்களுக்கான சேமிப்பும், வாங்கிய உணவைக் கெடாமல் வைத்திருக்கும் வசதியும் எல்லோரிடமும் உண்டு என்று சொல்லாமல் சொல்கிறது. தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாடு 2020 மார்ச்சில் கடுமையான ஊரடங்கை அறிவித்தபோது, அங்கே ஏறத்தாழப் பாதிக் குடும்பங்களிடம் குளிர்பதனப் பெட்டி இல்லை. ஆகவே அவர்கள் அடிக்கடி சந்தைக்குப் போக வேண்டியிருந்தது, சந்தைகளே தொற்று பரவும் இடங்களாயின. இதை மக்களின் ஒழுங்கீனம் என்று எழுதிவிடுவது எளிது, ஆனால் தவறு.

அடுத்து மக்களை வகைப்படுத்துங்கள். வருமானத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்வதைவிட, வேலையின் தன்மையை வைத்துப் பிரிப்பது அதிகம் விளக்கும். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை, அடியோடு நின்றுபோகும் வேலை, அத்தியாவசியம் என்ற பெயரில் தொடர்ந்தே ஆக வேண்டிய வேலை என்ற மூன்றில், முதல் வகையினர் வருமானத்தையும் உடல்நலத்தையும் ஓரளவு காத்துக்கொண்டார்கள். இரண்டாம் வகையினர் வருமானத்தை இழந்தார்கள். மூன்றாம் வகையினர் கூலிக்காகத் தொற்றின் நடுவே நின்றார்கள். உலகத் தொழிலாளர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேலானோர், அதாவது சுமார் 200 கோடிப் பேர், முறைசாரா வேலையில் இருந்தார்கள் என்பது சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட கணக்கு. நோய்க்கால விடுப்போ வேலையிழப்புக் காப்பீடோ பெரும்பாலும் இவர்களுக்குக் கிடையாது. அமெரிக்காவின் 10 பெருநகரப் பகுதிகளின் கைபேசி நடமாட்டத் தரவைக் கொண்டு 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, குறைந்த வருமானப் பகுதியினரால் மற்றவர்கள் அளவுக்கு நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ள முடியவில்லை என்றும், அவர்கள் சென்ற இடங்கள் நெரிசல் மிகுந்தவையாக இருந்தன என்றும் காட்டியது. எனவே 'கட்டுப்பாட்டை மீறினார்கள்' என்று எழுதுவதற்கு முன், மீறாமல் இருக்க அவர்களுக்கு வழி இருந்ததா என்று கேளுங்கள்.

இவ்விடத்தில் நான் மிகவும் நம்பும் அளவுகோல் ஒன்று உண்டு: புதிய வருமானமோ கடனோ இல்லாமல் ஒரு குடும்பம் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? மாத வருமானம் ஒன்றாகவே இருந்தாலும், சேமிப்புள்ள குடும்பமும் வாடகை பாக்கியுள்ள குடும்பமும் இக்கேள்விக்குத் தரும் விடை முற்றிலும் வேறாக இருக்கும். ஆணைக்கு முன் கிடைத்த அவகாசத்தையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். இந்தியாவில் 2020 மார்ச் 24 அன்று இரவு எட்டு மணிக்கு அறிவிக்கப்பட்ட ஊரடங்கு நள்ளிரவிலேயே நடைமுறைக்கு வந்தது. ரயிலும் பேருந்தும் நின்ற நிலையில், கூலியும் தங்குமிடமும் இழந்த புலம்பெயர் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே ஊர் திரும்பினார்கள். சிங்கப்பூரிலோ விடுதிகளில் நெருக்கமாகத் தங்கவைக்கப்பட்டிருந்த அயல்நாட்டுத் தொழிலாளர்கள் அங்கேயே அடைத்து வைக்கப்பட்டார்கள்; 2020 இறுதிக்குள் அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது.

நிவாரணத்தை ஆராயும்போது அறிவிக்கப்பட்ட தொகையோடு நின்றுவிடாதீர்கள். பட்டியல் எதை வைத்துத் தயாரிக்கப்பட்டது, எந்தச் சான்று கேட்கப்பட்டது, பணம் எந்த வழியாக, எத்தனை நாளில் கைக்கு வந்தது என்று விசாரியுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள டோகோ நாடு 2020 ஏப்ரலில் வாக்காளர் பதிவை அடிப்படையாகக் கொண்டு கைபேசி வழியாகவே உதவித்தொகை வழங்கியது; பெண்களுக்குச் சற்றுக் கூடுதலாகவும் கொடுத்தது. விரைவான ஏற்பாடுதான், ஆயினும் வாக்காளர் அட்டை இல்லாதவர் அதில் வெளியே நின்றார் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிரேசிலில் அவசர உதவித்தொகை பரவலாகச் சென்றதால், 2020-இல் வறுமை தற்காலிகமாகக் குறையவே செய்தது. ஊரடங்கின் சுமை எப்படிப் பகிரப்படும் என்பது பெருமளவு அரசின் முடிவைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

குடும்பத்தை ஒரே அலகாகக் கொள்வதும் ஏமாற்றும். வீட்டு வேலையும் பராமரிப்பும் யார் தலையில் கூடின, உணவு குறைந்தபோது யாருடைய பங்கு முதலில் குறைந்தது, வன்முறையாளரோடு ஒரே கூரையின் கீழ் அடைபட்டவர் யார் ஆகிய கேள்விகளைத் தனித்தனியாக, இயன்றால் தனிமையில், கேட்க வேண்டும். கல்விக்கும் அப்படியே: 3 முதல் 17 வயது வரையுள்ள உலகக் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு வீட்டில் இணைய வசதி இல்லை என்று யுனிசெஃப் 2020-இல் தெரிவித்தது, கைபேசி இருக்கும் வீட்டிலும் அது எந்தப் பிள்ளையின் கைக்குப் போனது என்பது வேறு கேள்வி.

தரவைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். தொலைபேசி வழிக் கணக்கெடுப்பில் தொலைபேசி இல்லாதவர் விடுபட்டுப்போவதால், மிக மோசமான பாதிப்பு அதில் மிதமாகவே தெரியும். மேலும், நோயச்சத்தால் தானே வீட்டில் தங்கியவர்களின் இழப்பையும் ஆணையால் ஏற்பட்ட இழப்பையும் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஊரடங்கின் கணக்கில் எழுதினால், உங்கள் முடிவை எவரும் எளிதில் மறுத்துவிடலாம். ஊரடங்கு தேதிகள் வேறுபட்ட, மற்றபடி ஒத்த பகுதிகளை ஒப்பிடுவது ஓரளவு துணைசெய்யும்.

ஊரடங்கு நீங்கிய நாளோடு ஆய்வை முடித்துவிடாமல், அதே குடும்பங்களை ஓராண்டுக்குப் பின்னும் சந்திக்கத் திட்டமிடுங்கள். அப்போது கேட்க வேண்டியவை வேறு: அந்த மாதங்களில் வாங்கிய கடனுக்கு வட்டி இன்னும் போகிறதா, விற்ற கால்நடையோ தொழிற்கருவியோ திரும்ப வாங்கப்பட்டதா, வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை மீண்டும் பள்ளிக்குப் போனதா, பழைய வேலை பழைய கூலிக்கே கிடைத்ததா.