டீசல் ஃபில்டர் மாற்றும்போது ரப்பர் சீல் கிழியாமல் இருக்க

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஓடும் டிராக்டர்களில் ஃபில்டரைச் சுற்றிச் செம்மண் தூசி அப்பியிருக்கும். கழற்றும் முன்பே டீசல் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். சீல் உட்காரும் இடத்தில் ஒரு மணல் சிக்கினாலே ரப்பரில் கோடு விழும்.

பழைய ஃபில்டரோடு அதன் ரப்பர் வளையமும் வந்துவிட்டதா என்று பாருங்கள். பல நேரம் அது மேலே, ஃபில்டர் மாட்டும் ஹெட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் புதியதை ஏற்றினால் இரண்டும் வழுக்கிப் பிதுங்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வேண்டாம். ஹெட்டில் கீறல் விழுந்தால் புது சீலும் நிற்காது. மூங்கில் குச்சி போதும்.

புது சீலில் சுத்தமான டீசலை விரலால் தடவுங்கள். காய்ந்த ரப்பர் திருகும்போது முறுக்கிக்கொள்ளும். சீல் ஹெட்டைத் தொட்ட பிறகு கையாலேயே அரை முதல் முக்கால் சுற்று. ஃபில்டர் மேல் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதுதான் கணக்கு. ஸ்பேனர் கழற்றத்தான், இறுக்க அல்ல.

சொட்டவில்லையே என்று நம்பிவிடாதீர்கள். டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ள ஃபில்டரில் சீல் கிழிந்தால் டீசல் ஒழுகாமலே காற்றை இழுக்கும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ஃபில்டரை மாட்டியதும், உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும் போல்ட்டைத் தளர்த்தி, நுரையில்லாமல் டீசல் வரும்வரை கைப்பம்பை அடியுங்கள். அந்த போல்ட்டில் செம்பு வாஷர் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.