ரப்பர் பிரேக் ஹோஸை எடுத்துவிட்டு எஃகு வலை ஹோஸ் போடுவது எப்படி?

பெடலை மிதித்தால் பிரேக் பிடிக்கிறது, ஆனால் மெத்தையை மிதிப்பது போல இருக்கிறது. பத்து வருடம் ஓடிய காரில் இப்படி இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியவை இரண்டு: பழைய பிரேக் ஆயில், தளர்ந்துபோன ரப்பர் ஹோஸ். இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம்.

பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தித் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். அதிலிருந்து சக்கரம் வரை பெரும்பாலும் இரும்புக் குழாய்தான். சக்கரம் ஏறி இறங்கித் திரும்பும் இடத்தில் மட்டும் வளையும் ஹோஸ் இருக்கும். அந்த ரப்பர் அழுத்தத்தில் லேசாக உப்பும். மிதித்ததில் ஒரு பங்கு அந்த உப்பலுக்கே போய்விடும். எஃகு வலை ஹோஸில் உள்ளே டெஃப்லான் குழாய், அதன் மேல் துருப்பிடிக்காத கம்பி வலை. இது உப்புவது மிகக் குறைவு, அதனால் பெடல் கெட்டியாகிறது. வண்டி நிற்கும் தூரம் இதனால் குறைந்துவிடும் என்று நம்ப வேண்டாம். அது டயரும் பிரேக் பேடும் பார்க்கும் வேலை. தினசரி ஓட்டத்துக்குக் கம்பெனி ரப்பர் ஹோஸையே புதிதாகப் போட்டாலும் தப்பில்லை.

வலை ஹோஸ்தான் என்று முடிவு செய்தால், வலையின் மேல் பிளாஸ்டிக் உறை உள்ளதை, உங்கள் மாடலுக்கென்றே செய்ததை வாங்குங்கள். உறை இல்லாவிட்டால் மண் உள்ளே புகுந்து, டெஃப்லான் குழாயை அரம் போல் தேய்க்கும்.

வாங்கும் முன் ஒரு பார்வை

வண்டிக்கு அடியில் டார்ச் அடித்து இரும்புக் குழாயைப் பாருங்கள். மேலோட்டமான துரு பரவாயில்லை. பொரிந்து குழி விழுந்திருந்தால் ஹோஸுக்கு முன் மாற்ற வேண்டியது அதைத்தான். அதற்குத் துருப்பிடிக்காத செம்பு-நிக்கல் குழாய் கிடைக்கிறது. பல கார்களில் அளவு 4.75 மி.மீ. முனையைப் பழைய குழாயில் இருந்த அதே வடிவத்தில் விரிக்க வேண்டும். இரட்டை மடிப்பு இருந்த இடத்தில் ஒற்றை மடிப்பு போட்டால் விரிசல் விடும். நடுவில் வெட்டி, தண்ணீர்க் குழாய்க்குப் போடும் அழுத்து இணைப்பைப் போடவே கூடாது.

தேவையானவை

ஹோஸ் செட், ஒவ்வொரு பான்ஜோ போல்ட்டுக்கும் (ஹோஸைக் காலிப்பரில், அதாவது பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகத்தில், பூட்டும் துளையுள்ள போல்ட்) இரண்டு புதிய செம்பு வாஷர், பிரித்திராத பிரேக் ஆயில் 1 லிட்டர், நட்டைச் சுற்றிலும் பிடிக்கும் ஃபிளேர் நட் ஸ்பானர் (பெரும்பாலும் 10 அல்லது 11 மி.மீ.), இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச், பிரேக் கிளீனர், ரப்பர் மூடிகள், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப், ஒரு பாட்டில், ஸ்டாண்டுகள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடாதீர்கள்.

ஆயில் எது என்று ரிசர்வாயரின் (பிரேக் ஆயில் தொட்டி) மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் ஒரே குடும்பம். டாட் 5 சிலிகான். பெயர் ஒத்திருந்தாலும் கலக்கவே கூடாது. டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் உறிஞ்சியபின் அந்தத் தர அளவு 155. மாதக்கணக்கில் திறந்து கிடந்த பாட்டிலை ஊற்ற வேண்டாம் என்பது இதனால்தான்.

கழற்றுவது

ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் மட்டும். முந்தைய நாளே இரும்புக் குழாயின் நட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். அந்த எண்ணெய் டிஸ்க்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் வருவது இந்த நட்டில்தான். சாதாரண ஓபன் ஸ்பானர் இரண்டு பக்கம் மட்டுமே பிடிக்கும். ஒரு வழுக்கு வழுக்கினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். ஃபிளேர் நட் ஸ்பானரைப் போட்டு, ஹோஸ் பக்கத்தை இன்னொரு ஸ்பானரால் அசையாமல் பிடியுங்கள். நட்டோடு குழாயும் சேர்ந்து முறுக்குகிறதா என்று கண்ணை அதிலேயே வையுங்கள். முறுக்கினால் உடனே நிறுத்தி, கொஞ்சம் இறுக்கி, மீண்டும் தளர்த்தி, எண்ணெய் விட்டு முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்க வேண்டும். முரட்டுத்தனமாக இழுத்தால் குழாய் முறிந்து, அரை நாள் வேலை மூன்று நாளாகும்.

நட் கழன்றதும் இரும்புக் குழாயை ரப்பர் மூடியால் அடையுங்கள். பிராக்கெட்டில் உள்ள கிளிப்பை உருவி, காலிப்பரின் பான்ஜோ போல்ட்டைக் கழற்றுங்கள். ரிசர்வாயர் வற்றவே கூடாது. ஏபிஎஸ் உள்ள வண்டியில் அதன் யூனிட்டுக்குள் காற்று புகுந்தால், பல மாடல்களில் ஸ்கேன் கருவி இல்லாமல் வெளியேற்ற முடியாது. ஆயில் பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பூட்டுவது

பான்ஜோவின் (ஹோஸ் முனையில் போல்ட் நுழையும் வளையம்) இரு பக்கமும் ஒவ்வொரு புது வாஷர். பழைய வாஷர் ஒருமுறை நசுங்கிவிட்டது, மறுபடி சரியாக அடைக்காது. எல்லா மரையையும் முதலில் கையால் சில சுற்று ஏற்றுங்கள். கையால் ஏறாத மரை கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம். டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. இந்த இணைப்பு டேப்பால் அடைபடுவதில்லை, அதன் துணுக்குதான் உள்ளே போய் அடைக்கும். இறுக்கும் அளவுக்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள்.

பிறகு ஹோஸ் முறுக்கில்லாமல் இருக்கிறதா பாருங்கள். நெடுக ஒரு கோடு இருந்தால் அது நேராக ஓட வேண்டும். ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, சக்கரம் தொங்கும் நிலையிலும், கீழிருந்து ஜாக்கியால் தூக்கிய நிலையிலும் ஹோஸ் இழுபடக் கூடாது, எதிலும் உரசக் கூடாது.

காற்றை எடுப்பது

பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குவார்கள். சில வண்டிகளில் வரிசை வேறு, மேனுவலைப் பின்பற்றுங்கள். காலிப்பரில் காற்றை வெளியேற்ற உள்ள நிப்பிளில் டியூபை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் உள்ள ஆயிலில் முக்குங்கள். உதவியாளர் மிதித்துப் பிடிக்க, நீங்கள் நிப்பிளைத் திறந்து மூடுங்கள். மூடியபின்தான் அவர் காலை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே போன காற்று திரும்பி வரும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். தினமும் போகாத ஆழத்துக்கு மிதித்தால், பழைய மாஸ்டர் சிலிண்டரின் சீல் துருவில் உரசிக் கிழியும்.

முதலில் கறுத்த ஆயில், பிறகு கடுகு போல் சிறு குமிழிகள், கடைசியில் தெளிந்த ஆயில் வரும். குமிழி நின்ற பிறகும் நான்கைந்து முறை எடுங்கள். நடுநடுவே ரிசர்வாயரை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

சோதனை

என்ஜினை ஓடவிட்டு பெடலை முழு பலத்தோடு ஒரு நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் விடுகிறது. ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் தொட்டுப் பாருங்கள்; கண்ணுக்குத் தெரியாத ஈரம் அதில் தெரியும். ஆளில்லாத சமதளத்தில் நடை வேகத்தில் சில முறை நிறுத்திப் பார்த்த பிறகே ரோட்டுக்கு எடுங்கள். ஒரு வாரம் ஓட்டியபின் மீண்டும் சக்கரங்களைக் கழற்றி, டிஷ்யூவோடு ஒரு சுற்று வாருங்கள். ஹோஸின் உறையில் பளபளப்பாகத் தேய்ந்த இடம் தெரிந்தால் அங்கே எதுவோ உரசுகிறது; பிராக்கெட்டில் ஹோஸைத் திருப்பி உட்கார வையுங்கள்.