பேகனா மாறியாச்சு, வீட்ல எல்லாரும் கிறிஸ்தவங்க, எப்படி சமாளிக்கிறது?

மொதல்ல சர்ச்சு மேல இருக்குற உங்க கோவத்தை ரெண்டா பிரிச்சுக்கோங்க. விக்கா மாதிரி நவீன பேகன் வழிக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தின பழைய தெய்வங்களையும் இயற்கையையும் கும்பிடுற வழிக்கு, வர்றவங்கள்ல நெறைய பேரு சர்ச்சுக்குப் போய் வளர்ந்தவங்கதான், அதனால அங்க நெஜமாவே பட்ட காயம்னு ஒண்ணு இருக்கும், படிச்சு ஏத்திக்கிட்ட கோவம்னு ஒண்ணு இருக்கும். காயம் உங்களோடது, அதை யாரும் இல்லன்னு சொல்ல முடியாது. ஏத்திக்கிட்டதை மட்டும் கொஞ்சம் செக் பண்ணுங்க.

"சர்ச்சு 90 லட்சம் சூனியக்காரிகளை எரிச்சுது"ன்னு சாப்பாட்டு மேசையில எடுத்து விடாதீங்க, ப்ளீஸ். சூனியம்னு சொல்லி ஐரோப்பாவுல கொல்லப்பட்டவங்கன்னு வரலாற்று ஆளுங்க இப்போ சொல்ற கணக்கு 40,000லேர்ந்து 60,000 பேரு, அதுவே கொடுமைதானே, ஊதிப் பெருசாக்கணுமா என்ன? அமெரிக்காவுல சேலம்ங்கிற ஊர்ல 1692ல சூனியக் கேஸ்ல 19 பேரைத் தூக்குல போட்டாங்க, ஒருத்தரைக் கல்லேத்தி நசுக்கிக் கொன்னாங்க, யாரையும் எரிக்கல, அதுவுமில்லாம அவங்க பேகனே கெடையாது, அதே கிறிஸ்தவ சாமியைக் கும்பிட்டவங்க. ஈஸ்டரை எங்ககிட்டேர்ந்து திருடிட்டாங்கன்னு சொல்றதும் இதே கேஸ்தான், ஈஸ்டர்ங்கிற பேரு வந்ததாச் சொல்ற ஈயோஸ்ட்ரேன்னு ஒரு தேவதை இருந்ததா நமக்குத் தெரியுறதே 8ஆம் நூற்றாண்டுல பீடுன்னு ஒரு கிறிஸ்தவத் துறவி எழுதி வச்சதாலதான்.

அம்மா "சாத்தானையா கும்பிடுற?"ன்னு கேப்பாங்க, கண்டிப்பா கேப்பாங்க. லெக்சர் எடுக்காதீங்க. "சாத்தான் உங்க பைபிள்ல வர்றவன்மா, எங்க வழியில அவனுக்கு வேலையே இல்ல"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டு, கழுத்துல கெடக்குற, விக்காவோட அடையாளமான அஞ்சு முனை நட்சத்திரத்தை அவங்க கையிலயே குடுத்துப் பாக்கச் சொல்லுங்க, ஒளிச்சு வச்சாத்தான் பயம் ஜாஸ்தியாகும். சாப்பிடுறதுக்கு முன்னாடி ஜெபம் பண்ணா கையை மடியில வச்சுக்கிட்டு சும்மா இருங்க, ஆமென் சொல்லணும்னு இல்ல, மூஞ்சியைத் திருப்பணும்னும் இல்ல.

யூல்ங்கிற பேகன் பண்டிகை உங்களுக்கு நல்ல சான்ஸ். வருஷத்துலயே நீளமான ராத்திரி, டிசம்பர் 21 வாக்குல வரும், அவங்க கிறிஸ்மஸுக்கு மரம் வைக்கிற அதே வாரம். ஒரு மெழுகுவர்த்தியை ஏத்தி வச்சுட்டு அம்மாவையும் பக்கத்துல உக்காரக் கூப்பிடுங்க, மந்திரம் எதுவும் வேணாம்.

அதுக்காக எல்லாத்துக்கும் வளைஞ்சு குடுக்காதீங்க. உங்க பூஜை மேசையில இருக்குறதைத் தூக்கிக் குப்பையில போட்டா, அது சண்டை போட வேண்டிய விஷயம்தான். அமெரிக்காவுல செத்துப்போன விக்கா சோல்ஜர்களோட கல்லறையில அந்த நட்சத்திரத்தைப் பொறிக்க அரசாங்கம் ஒத்துக்கிட்டது 2007லதான், அதுவும் கோர்ட்டுக்குப் போனதுக்கு அப்புறம்.

அப்புறம் இன்னொண்ணு, ஏசுவைக் கிண்டலடிக்கிற மீம்ஸை ஃபேமிலி குரூப்ல போடாதீங்க, பாட்டியும் அதுல இருக்காங்க.