ஊர் ஓவியர்கள் வரைந்த பழைய உருவப்படங்கள்: சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பழைய வீடுகளின் கூடத்தில் தலைப்பாகை கட்டிய தாத்தாவும் மூக்குத்தி போட்ட ஆயாவும் சட்டத்துக்குள் இருந்து பார்ப்பார்கள். சிலது போட்டோ அல்ல, கையால் வரைந்தது. கடைப் பலகை எழுதிப் பிழைத்த ஓவியர்கள் இதையும் செய்தார்கள். ஃப்ளெக்ஸ் வந்து அவர்கள் தொழிலைச் சாப்பிட்டது. வீட்டை இடித்துக் கட்டும்போது படங்களும் குப்பைக்குப் போகின்றன. இவற்றைச் சேர்க்கப் பெரிய பணம் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும்.

முதலில், தேட வேண்டிய இடம் கண்ணாடி ஃப்ரேம் போடும் கடை. புதிய பிரிண்ட் போட்டுக்கொண்டு பழைய படத்தை அங்கேயே விட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்புறம் காயலான் கடை. அங்கே விலை தேக்குச் சட்டத்துக்குத்தான், படத்துக்கு அல்ல. சட்டத்தோடு சேர்த்தே வாங்குங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். மாலை போட்டுக் கும்பிடுகிற படத்தை மட்டும் விலைக்குக் கேட்காதீர்கள். அவர்களாகவே கொடுத்தால், நல்ல பிரதி ஒன்று எடுத்து அந்த வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, கையில் இருப்பது என்ன என்று பாருங்கள். சாதாரண பூதக்கண்ணாடி போதும். சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அச்சுப்படம். 1894இல் ரவிவர்மா தொடங்கிய அச்சகத்தில் வந்தவை போன்ற பழைய கல்லச்சுப் படங்களில் வார்னிஷ் பூசியிருப்பதால் புதியவர்கள் கையால் வரைந்தது என்று ஏமாந்துவிடுவார்கள். போட்டோவைப் பெரிதாக்கி அதன்மேல் வண்ணம் தீட்டியது இன்னொரு வகை. எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். முகம் போட்டோவாக மென்மையாக இருக்கும். படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் அட்டிகையின் ஒவ்வொரு கல்லும் தனித்தனிச் சாயப் பொட்டாகப் புடைத்து நிற்பது தெரியும். படத்தில் இருக்கும் அம்மா அந்த நகையை ஒருநாளும் போட்டிருக்காமலும் இருக்கலாம்.

இப்போது படத்தைத் திருப்புங்கள். பாதிச் செய்தி பின்பக்கத்தில்தான். ஓவியர் பெயரோ, கடை முத்திரையோ, கூலிக் கணக்கோ இருக்கலாம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் படங்களில் தெலுங்கிலோ கன்னடத்திலோ எழுதியிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். முகவரியில் ‘சேலம் ஜில்லா’ என்று இருந்தால் பெரும்பாலும் 1965க்கு முந்தையது, அந்த ஆண்டுதான் தர்மபுரி தனி மாவட்டமானது. கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது 2004இல். ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972க்குப் பிந்தையது. கூலி அணாவில் இருந்தால் 1957ஐ ஒட்டியோ அதற்கு முன்போ இருக்கும். ‘லை’, ‘னை’ புதிய வடிவில் இருந்தால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு எழுதியதாக இருக்க வாய்ப்பு அதிகம். யானைத் தும்பிக்கை போல் வளைந்த பழைய ‘லை’, ‘னை’ வடிவம் மட்டும் இருந்தால் எதுவும் உறுதியில்லை, பெரியவர்கள் அப்புறமும் அப்படித்தான் எழுதினார்கள். பின்னால் ஒட்டிய செய்தித்தாளின் தேதி சட்டம் போட்ட காலத்தைத்தான் காட்டும், படம் அதைவிடப் பழையதாக இருக்கலாம். சட்டத்தைக் கழற்றி எறிந்தால் இதெல்லாம் போய்விடும்.

நூறு ஆண்டு தாண்டிய ஓவியம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அதைத் தொல்லியல் துறையில் பதிவு செய்ய வேண்டும், உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யக் கூடாது, தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது.

பராமரிப்பு எளிது. மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். ஈரத்துணி, எண்ணெய், சோப்பு எதுவும் வேண்டாம். கண்ணாடியில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், சாயம் கண்ணாடியோடு வந்துவிடும். வெயில் விழும் சுவரிலும் மழையில் ஓதம் ஏறும் சுவரிலும் மாட்ட வேண்டாம்.

கடைசியாக, ஓவியர் பெயரைத் தேடுங்கள். தர்மபுரி அருங்காட்சியகத்து நடுகற்கள் பலவற்றில் வீரன் பெயர் இருக்கும், செதுக்கியவன் பெயர் இருக்காது. இந்தப் படங்களுக்கும் அந்தக் கதி வரக் கூடாது என்றுதான் இவ்வளவு சொல்கிறேன். கையெழுத்தை செல்போனில் படமெடுத்து, வயதான ஃப்ரேம் கடைக்காரர்களிடமும் பலகை எழுதியவர்களிடமும் காட்டுங்கள். ஓவியர் உயிரோடு இருந்தால் நேரில் போய்ப் பாருங்கள். வரைந்தவர், படத்தில் இருப்பவர், ஊர், யாரிடம் வாங்கியது, எல்லாவற்றையும் தாளில் பென்சிலால் எழுதி ஓர் உறையில் போட்டு, படத்தில் அல்ல, சட்டத்தின் பின்புறத்தில் ஒட்டிவையுங்கள்.